பிளாஸ்டிக் என்று ஒரு பெயர்

குப்பன், குப்பம்மாள் என்றெல்லாம் நம்ம ஊர்ப் பக்கம் பெயர் வைத்தார்களே, ஏன் தெரியுமா? அந்த வீட்டில் முன்னால் பிறந்த குழந்தைகள் தங்காமல் போயிருக்கும். அடுத்தது பிறந்ததும் குப்பைமேட்டில் ஒரு நிமிஷம் கிடத்தி, ‘யாருக்கும் வேண்டாத பிள்ளை’ என்று பாவனை காட்டித் தூக்கி வருவார்கள். எமன் ஏமாந்து போவான், பிள்ளை பிழைத்துக்கொள்ளும் என்று ஒரு நம்பிக்கை.

2020 மார்ச்சில் விஞ்ஞானிகளும் ஒரு புதிய பிராணிக்குக் குப்பையின் பெயரை வைத்தார்கள். யூரிதெனெஸ் பிளாஸ்டிகஸ். ஆமாம், நம்ம பிளாஸ்டிக்தான்!

ஆள் யார்? இறாலுக்கும் நண்டுக்கும் தூரத்துச் சொந்தம். ‘ஆம்பிபாட்’ என்ற வகை. நீளம் சுமார் இரண்டு அங்குலம். மேலேயிருந்து செத்து விழும் மீனோ திமிங்கிலமோ, எது கிடைத்தாலும் கூட்டமாகப் போய்த் தின்று தீர்க்கும். கடலடியின் துப்புரவுத் தொழிலாளி என்று வைத்துக்கொள்ளுங்கள். விலாசம்: பசிபிக் பெருங்கடல், மரியானா அகழி. ஆறாயிரம் மீட்டருக்குக் கீழே. சூரிய வெளிச்சம் எட்டிப் பார்க்காத இடம்.

அந்த ஆழத்தில் உயிர் இருக்கும் என்பதையே மனிதன் ரொம்ப நாள் நம்பவில்லை. எட்வர்ட் ஃபோர்ப்ஸ் என்று பிரிட்டனில் ஒரு கெட்டிக்கார விஞ்ஞானி இருந்தார். 1841-42ல் ‘பீக்கன்’ என்ற கப்பலில் போய், கிரீஸ் பக்கத்து ஈஜியன் கடலில் வலை போட்டு அரித்துப் பார்த்தார். கீழே போகப் போக உயிரினங்கள் குறைந்துகொண்டே வந்தன. மனக்கணக்குப் போட்டார். 300 பாகத்துக்கு, அதாவது சுமார் 550 மீட்டருக்குக் கீழே உயிரே இருக்காது என்று சொல்லிவிட்டார். பெரிய மனுஷன் சொன்னால் சரியாகத்தானே இருக்கும்? முரணான சாட்சிகள் வந்தபோதும், பல பேர் அதையே பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

அந்தக் கணக்கை அடியோடு கவிழ்த்தது ‘சேலஞ்சர்’ கப்பல். 1872 டிசம்பரில் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத்திலிருந்து கிளம்பி, உலகத்தையே சுற்றிவிட்டு 1876 மே மாதம்தான் ஊர் திரும்பியது. 1875 மார்ச் 23ஆம் தேதி, மரியானா பகுதியில் கயிற்றில் குண்டைக் கட்டி இறக்கினார்கள். கயிறு போகிறது, போகிறது, போய்க்கொண்டே இருக்கிறது. 4,475 பாகம்! எட்டு கிலோமீட்டருக்கும் மேல். நம்ம கதாநாயகன் வசிக்கும் அகழியின் வாசலில் மனிதன் முதன்முதலாகக் கதவைத் தட்டியது அன்றைக்குத்தான்.

சேலஞ்சர் அள்ளி வந்ததை எழுதி முடிக்க 50 தொகுதிகள் ஆயின. அதில் ஆம்பிபாட்களை எழுதும் வேலை தாமஸ் ஸ்டெபிங் என்ற பாதிரியாரிடம் வந்தது. டார்வினை ஆதரித்ததற்காக, பிரசங்கம் செய்யக்கூடாது என்று தடை வாங்கியவர். மேடை போனால் என்ன? மேஜை இருக்கிறதே! காலை எண்ணி, கொம்பை அளந்து, வாய் உறுப்பைப் படம் போட்டு, 1888ல் 1,700 பக்கத்துக்கும் மேல் எழுதித் தள்ளிவிட்டார்.

இன்றைக்கும் புதிய இனம் என்று அறிவிப்பது கிட்டத்தட்ட அதே வேலைதான். ஒரு பிராணியை மாதிரியாகத் தேர்ந்தெடுக்கவேண்டும். சொந்தக்கார இனங்களிலிருந்து எங்கே வித்தியாசப்படுகிறது என்று உறுப்பு உறுப்பாக வர்ணிக்கவேண்டும். அந்த மாதிரியைப் பத்திரமாக வைத்துவிட்டு, பெயரோடு அச்சில் வெளியிடவேண்டும். இப்போது கூடுதலாக டிஎன்ஏ. அது வந்ததும் பல பழைய கணக்குகள் உடைந்தன. யூரிதெனெஸ் கிரில்லஸ் என்ற இனம் 1822ல் பெயர் பெற்றது. உலகக் கடல் முழுக்க இருப்பது இந்த ஒரே இனம்தான் என்று நெடுங்காலம் நினைத்தார்கள். 2013ல் டிஎன்ஏவைப் பார்த்தால், ஒரே பெயருக்குள் பல இனங்கள் ஒளிந்துகொண்டிருந்தன!

இப்போது கதையின் இன்னொரு இழைக்கு வருவோம். நிஜமாகவே இழைதான். 1941ல் இங்கிலாந்தில் வின்ஃபீல்ட், டிக்சன் என்ற இருவர் ‘பெட்’ என்ற பொருளிலிருந்து நூல் எடுத்தார்கள். அதுதான் டெரிலின். நம்ம அப்பாக்கள் கல்யாணத்துக்குப் பெருமையாகப் போட்டுக்கொண்டு போனார்களே, அதே டெரிலின்! 1973ல் அமெரிக்காவின் நதானியேல் வயத், அதே பொருளில் குளிர்பானப் பாட்டில் செய்யக் காப்புரிமை பெற்றார். அப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும்.

2014ல் ‘ஃபால்கோர்’ என்ற கப்பல் மரியானா அகழிக்குப் போனது. இரை வைத்த பொறிகளைக் கீழே இறக்கினார்கள். 6,010 மீட்டரிலிருந்து 6,949 மீட்டர் வரை நம்ம ஆள் சிக்கினார். பிரிட்டனின் நியூகாசில் பல்கலைக்கழகத்தில் ஜோஹன்னா வெஸ்டன், ஆலன் ஜேமிசன் குழுவினர் ஆராய்ந்தார்கள். உடம்பும் டிஎன்ஏவும் ஒரே பதிலைச் சொல்லின: இது புது இனம். அதோடு, ஒரு பிராணியின் குடலுக்குள் ஒரு இழை கிடந்தது. நீளம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. சோதித்தால், 83.74 சதவிகிதம் பெட் பிளாஸ்டிக்கோடு ஒத்துப்போகிறது.

பாட்டிலா, சட்டையா, யார் வீட்டுச் சலவைத் தண்ணீரோ, யார் கண்டது? 1875ல் மனிதன் கயிறு விட்டுத் தடவிப் பார்த்த அகழிக்குள், அவன் குப்பையும் போய்ச் சேர்ந்துவிட்டது. நாம் பெயர் சொல்லிக் கூப்பிடுவதற்கு முன்பே, அது நம் குப்பையைச் சாப்பிட்டிருக்கிறது.

‘ஒரே ஒரு இழைக்கா இத்தனை அமர்க்களம்?’ என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அந்த இழையால் பிராணிக்குக் கெடுதல் நேர்ந்தது என்று யாரும் நிரூபிக்கவில்லை. ஆனால் அது தனி இழை இல்லை. ஜேமிசன் குழு 2019ல் பசிபிக்கின் ஆறு அகழிகளில் பிடித்த 90 ஆம்பிபாட்களைப் பற்றி எழுதியது. அவற்றில் 65இன் வயிற்றில் நுண்துகள்கள். நூற்றுக்கு எழுபத்திரண்டு!

ஃபோர்ப்ஸ் தப்பாகச் சொன்னதில் யாருக்கும் நஷ்டமில்லை. விஞ்ஞானத்தில் அது சகஜம், திருத்திக்கொண்டார்கள். நாம்தான் இன்னும் திருத்திக்கொள்ளவில்லை. ‘கண்ணுக்குத் தெரியவில்லையா? அங்கே யாரும் இல்லை, தள்ளிவிடு’ என்பதுதான் நம் பழக்கம். வாசலைப் பெருக்கித் தெருமுனையில் தள்ளுகிறோம். தெருமுனை ஆற்றில் தள்ளுகிறது, ஆறு கடலில் தள்ளுகிறது. கடல் எங்கே தள்ளும்? கீழேதான். கீழே ஒரு குடித்தனம் இருக்கிறது.

பெயர் விஷயத்தில் ஒரு விதி உண்டு. முறைப்படி அச்சேறிய பெயரைப் பிடிக்கவில்லை என்பதற்காக மாற்ற முடியாது. வைத்தவரே வந்து கேட்டாலும் நடக்காது. கணக்குப் புத்தகத்தில் மையால் எழுதிய வரவு மாதிரி, அழித்து எழுத வழியில்லை. நாளைக்கே பிளாஸ்டிக்கை ஒழித்துக் கடலைச் சுத்தமாக்கிவிட்டாலும், பிளாஸ்டிகஸ் பிளாஸ்டிகஸ்தான்.

அப்படி ஒரு காலம் வந்து, பள்ளிக்கூடப் பிள்ளை ஒருத்தி, ‘இதுக்கு ஏன் சார் இந்தப் பேரு?’ என்று கேட்டால், வாத்தியார் பிளாஸ்டிக் என்றால் என்ன என்பதிலிருந்து ஆரம்பிக்கவேண்டி வரும். பெயர் வைத்தவர்கள் எதிர்பார்ப்பது அதைத்தான்.