பெட்டி நம்முடையது, அனுமதி யாருடையது?

முன்பெல்லாம் வீட்டில் வானொலிப் பெட்டி வைத்திருப்பதற்கும் லைசென்ஸ் எடுக்க வேண்டியிருந்தது. பெட்டியைக் காசு கொடுத்து வாங்கியவர் நாம்தாம். ஆனாலும் லைசென்சுக்குத் தனியே கட்டணம் கட்டினோம். பெட்டி வேறு, அனுமதி வேறு என்பதை நம் பெரியவர்கள் அன்றே அறிந்திருந்தார்கள். கணினி உலகிலும் இதே கதை நடந்திருக்கிறது. அந்த வரலாற்றை இன்று பார்ப்போம்.

1960களில் கணினி என்பது ஓர் அறையையே அடைத்துக்கொள்ளும் இயந்திரம். விலையோ மிக அதிகம். ஆகவே, ஒரே கணினியைப் பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்த வழி தேடினார்கள். 1961ஆம் ஆண்டு அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிலையத்தில் இத்தகைய முறை ஒன்று செய்து காட்டப்பட்டது. லயத்துக்கு ஒரு தண்ணீர்த் தொட்டி, அதிலிருந்து வீட்டுக்கு ஒரு குழாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். தொட்டிதான் சர்வர் என்னும் தலைமைக் கணினி. குழாய்தான் டெர்மினல் என்னும் முனையம். நாம் தட்டும் எழுத்தை முனையம் அனுப்பும். வரும் விடையைக் காட்டும். கணக்குப் போடும் வேலை முழுவதும் தலைமைக் கணினியுடையது.

அக்காலத்தில் இயந்திரத்தோடு மென்பொருளும் சேர்ந்தே வந்தது. 1969 ஜூன் 23ஆம் நாள் ஐ.பி.எம். நிறுவனம், மென்பொருளுக்கும் சேவைக்கும் தனி விலை வைக்கப்போவதாக அறிவித்தது. மென்பொருள் தனிச் சரக்காக வளர்வதற்கு அது பெரிதும் வழி திறந்தது.

1980களில் மேசைக் கணினிகள் பெருகின. ஆனால் ஒவ்வொரு மேசையிலும் ஒரு முழுக் கணினியைப் பராமரிப்பது செலவு மிக்க வேலை. ஆகவே பழைய முறை புது உருவில் திரும்பியது. 1995இல் சிட்ரிக்ஸ் நிறுவனம், மைக்ரோசாப்டின் அனுமதியோடு வின்பிரேம் என்னும் மென்பொருளை வெளியிட்டது. ஒரே சர்வரில் பலர் விண்டோசைப் பயன்படுத்த அது உதவியது. வலுக் குறைந்த பழைய கணினியும் முனையமாக மறுவாழ்வு பெற்றது. 1998இல் மைக்ரோசாப்டும் தன் சொந்த டெர்மினல் சர்வரை வெளியிட்டது.

இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. சர்வர் ஒன்று, முனையம் இருபது என்றால், லைசென்ஸ் எத்தனை? விண்டோஸ் 2000 சர்வரில் ஒரு சலுகை இருந்தது. விண்டோஸ் 2000 புரொபெஷனல் இயங்கும் கணினி அதனோடு இணையத் தனி லைசென்ஸ் வேண்டியதில்லை. விண்டோஸ் சர்வர் 2003 வந்தபோது அந்தச் சலுகை போய்விட்டது. கருவிக்கு ஒன்று அல்லது ஆளுக்கு ஒன்று என லைசென்ஸ் வாங்க வேண்டியதாயிற்று. தொடக்கத்தில் 120 நாள் தவணை உண்டு. அதற்குள் லைசென்ஸ் ஏற்பாடு செய்யாவிட்டால் சர்வர் இணைப்பை மறுத்துவிடும்.

இன்னொரு விதியும் உண்டு. புதிய லைசென்சைப் பழைய சர்வர் ஏற்கும். பழைய லைசென்சைப் புதிய சர்வர் ஏற்காது. ஆகவே சர்வரை மாற்றினால், முனையங்கள் இருபதும் பழுதில்லாமல் இருந்தாலும், லைசென்ஸ் இருபதும் புதிதாக வாங்க வேண்டும். மாற்றாமல் இருந்துவிடலாம் என்றால் அதிலும் ஆபத்து. விண்டோஸ் 2000க்கான ஆதரவு 2010 ஜூலையிலும், சர்வர் 2003க்கான ஆதரவு 2015 ஜூலையிலும் முடிந்துவிட்டன. அதன்பின் பாதுகாப்புக் குறைகளை அடைக்கும் திருத்தங்கள் வழக்கமாக வருவதில்லை. அப்படிப்பட்ட சர்வர், பூட்டு உடைந்த வீட்டைப் போன்றது.

வேறு வழியே இல்லையா? உண்டு. 1999இல் லினக்ஸ் டெர்மினல் சர்வர் திட்டம் தொடங்கியது. அதில் முனையத்துக்கு இவ்வளவு என்ற லைசென்ஸ் கட்டணம் இல்லை. ஆனால் விண்டோசுக்காக எழுதப்பட்ட மென்பொருள்கள் எல்லாம் அதில் இயங்கிவிடும் என்று சொல்ல முடியாது. கட்டணம் மிச்சமாகும், பழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டும்.

நேயர்களே, நம் பிள்ளைகளின் பள்ளிக்கோ படிப்பகத்துக்கோ யாரேனும் பழைய கணினிகளை நன்கொடையாகத் தர முன்வரலாம். நன்றியோடு ஏற்றுக்கொள்ளுங்கள். ஆனால் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். லைசென்ஸ் யார் பெயரில் இருக்கிறது? எந்தச் சர்வருக்குச் செல்லும்? ஆதரவு எந்த ஆண்டு வரை? இவற்றைக் கேட்காமல் வாங்கினால், பிள்ளைகளுக்குக் கிடைத்த கணினி சில மாதங்களில் வெறும் பெட்டியாகிவிடக்கூடும்.