கலவையைத் தடுத்தல், பயனைக் காத்தல்: செயற்கை ஓபியாய்டுச் சட்டத்துக்குச் சிவகாசி தரும் ஒரு முன்மாதிரி

சிவகாசி வட்டாரத்தில் ஒருவர் 'மருந்து' என்றால் எந்த மருந்து என்று இன்னொரு முறை கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கும். வெடிக் குழாயில் செலுத்துவதும் மருந்துதான், மருத்துவமனையில் ஊசியில் ஏற்றுவதும் மருந்துதான். காலையில் மருந்து கலக்கப் போனவர் வெந்த உடம்போடு மாலையில் மருந்துக்காகக் காத்துக் கிடப்பதை இந்த மாவட்டம் பலமுறை பார்த்திருக்கிறது. ஆபத்தான செயற்கை ஓபியாய்டுகளை, அதாவது அபினின் வேலையைச் செய்யும்படி ஆய்வுக்கூடத்தில் உருவான வலிநீக்கிகளை, சட்டம் எப்படிக் கட்டுப்படுத்த வேண்டும் என்ற கேள்விக்கு இந்த இரண்டு மருந்துகளையும் சேர்த்துப் பார்த்தால்தான் நல்ல விடை கிடைக்கும் என்பது என் கருத்து. வெடிமருந்துச் சட்டம் இங்கே ஒரு முறை மிகச் சரியாக எழுதப்பட்டிருக்கிறது. போதைமருந்துச் சட்டம் அதைப் படித்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

முதலில் தீக்காயத்திலிருந்து தொடங்குவோம். தீப்பட்ட நேரத்து வலியைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். அதற்குப் பிறகு வாரக்கணக்கில் தொடரும் வலியை உடனிருப்பவர்கள் மட்டுமே அறிவார்கள். புண்ணில் ஒட்டிக் காய்ந்த துணியை உப்புநீர் விட்டு ஊறவைத்து, ஓரத்திலிருந்து மெல்ல உரித்து, செத்த தோலை அகற்றிப் புதுக் கட்டுப் போட வேண்டும். மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ மறுபடியும் அதே வேலை. பெரிய தீக்காயமென்றால் பாராசிட்டமால் இந்த வலியின் பக்கத்தில்கூட நிற்காது. மார்ஃபினோ ஃபென்டனிலோ வேண்டும். எனவே ஓபியாய்டுகளை 'போதைப்பொருள்' என்ற ஒரே சொல்லால் தள்ளிவிட இந்த மண்ணில் எழுதும் எவராலும் முடியாது.

1985 மார்ச்சில் இராமநாதபுரத்திலிருந்து பிரிந்து காமராசர் மாவட்டம் என்ற பெயரில் விருதுநகர் தனி மாவட்டமானது. அதே ஆண்டு நவம்பர் 14 அன்று போதைமருந்துகள் மற்றும் மனமயக்கப் பொருட்கள் சட்டம் நடைமுறைக்கு வந்தது. கடத்தலை ஒடுக்க வந்த அந்தச் சட்டம் வலிமருந்தையும் சேர்த்து ஒடுக்கியது. பல உரிமங்கள், பல துறைகள், தவறினால் நீண்ட சிறை என்றானதும் மருத்துவமனைகள் மார்ஃபினை வாங்குவதையே நிறுத்தின. அடுத்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் நாட்டின் மருத்துவ மார்ஃபின் பயன்பாடு பெருமளவு சரிந்தது. கோழிக்கோட்டில் 1993-இல் வலி மற்றும் நோய்த்தணிப்புச் சங்கத்தைத் தொடங்கிய மருத்துவர் எம். ஆர். ராஜகோபால் முதலியோர் நெடுநாள் போராடியதன் பயனாக 2014-இல் சட்டம் திருத்தப்பட்டது. 'இன்றியமையாப் போதைமருந்துகள்' என்ற புதுவகை பிறந்தது. மார்ஃபின், ஃபென்டனில், மெத்தடோன், ஆக்ஸிகோடோன், கோடீன், ஹைட்ரோகோடோன் ஆகிய 6 மருந்துகளை, அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனம் ஒரே உரிம ஏற்பாட்டின் கீழ் வைத்துக்கொள்ள வழி ஏற்பட்டது. தவறு நேர்ந்ததை உணர்ந்து திருத்திக்கொள்ள இந்திய அரசுக்கு 29 ஆண்டுகள் ஆயின.

இன்னொரு பக்கம் இருக்கிறது. அங்கே சட்டம் இறுக்கிப் பிடிக்கவில்லை, பின்னால் ஓடிக்கொண்டிருக்கிறது. டிரமடால் என்ற செயற்கை வலிநீக்கி தவறாகப் பயன்படுவது பெருகியதால் 2018 ஏப்ரலில் அது மனமயக்கப் பொருள் பட்டியலில் சேர்ந்தது. அந்தப் பட்டியலில் இல்லாத டேப்பென்டடால் அதன் இடத்துக்கு வந்தது. தமிழ்நாட்டில் காவல்துறை பிடிக்கும் 'வலி மாத்திரை' பெரும்பாலும் இதுதான். இளைஞர்கள் இதைப் பொடித்து, நீரில் கரைத்து, நரம்பில் ஏற்றிக்கொள்கிறார்கள். மாத்திரையில் மருந்தோடு சேர்ந்திருக்கும் மாவுப்பொருள் கரைவதில்லை. அது இரத்தக்குழாயை அடைத்து, கையைப் புண்ணாக்கி, சில வேளைகளில் உயிரையும் எடுத்துவிடுகிறது. ஒன்றின் பெயரை எழுதினால் அடுத்தது வருகிறது. பெயர்ப்பட்டியலை நம்பும் சட்டத்தின் அடிப்படைக் குறை இதுதான்.

சிவகாசி தரும் முன்மாதிரி இந்த இடத்தில்தான் உதவுகிறது. பொட்டாசியம் குளோரேட்டும் கந்தகமும் சேர்ந்தால் அந்தக் கலவைக்குப் பொறுமை கிடையாது. ஓர் உரசலும் சிறு சூடும் போதும். 1884-ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டத்தின் 6-ஆம் பிரிவின்படி 1992 ஜனவரியில் மத்திய அரசு ஓர் அறிவிக்கை வெளியிட்டது. அது எந்த வெடியின் பெயரையும் சொல்லவில்லை, எந்தக் கம்பெனிச் சரக்கையும் சுட்டவில்லை. குளோரேட் எதுவானாலும், அதனோடு கந்தகம் கலந்த வெடிபொருள் எதுவானாலும், தயாரிக்கவோ வைத்திருக்கவோ கொண்டுவரவோ கூடாது என்றது. அதே அறிவிக்கை மூன்று விலக்குகளையும் கூறியது. அறிவியல் ஆய்வுக்கான சிறு அளவு, தீக்குச்சித் தலை, விளையாட்டுத் துப்பாக்கிக்கான பொட்டு வெடி ஆகியவையே அந்த மூன்றும்.

தீக்குச்சித் தலையில் இருப்பதும் குளோரேட்டும் கந்தகமும்தான். விலக்கு இல்லாமல் அந்தத் தடை வந்திருந்தால் சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி வட்டாரத்தின் தீப்பெட்டித் தொழில் அன்றே மூடியிருக்கும். அறிவிக்கையை எழுதியவர் ஆபத்தை வகையாகப் பார்த்தார், பயனைத் தனித்தனியாகப் பார்த்தார். வகையைத் தடுத்தார், பயனைப் பெயர் சொல்லிக் காத்தார். பின்னாளில் கடல் கடந்து கள்ளத்தனமாக வந்த சீன வெடிகளின் உறையில் என்ன பெயர் இருந்தாலும், உள்ளே இந்தக் கலவை இருந்தால் அது தடைசெய்யப்பட்ட பொருள்தான். புதிதாக ஓர் அறிவிக்கை தேவைப்படவில்லை.

உலகம் இப்போது இந்தப் பாதையைத்தான் எட்டுகிறது. சீனா 2019 மே 1 முதல் ஃபென்டனில் குடும்பம் முழுவதையும் ஒரே வகையாகக் கட்டுப்பாட்டின் கீழ் கொண்டுவந்தது. அமெரிக்கா ஃபென்டனில் சார்ந்த பொருட்களை 2025 ஜூலையில் நிரந்தரமாக முதல் பட்டியலில் சேர்த்தது. நிட்டசீன் என்ற இன்னும் கொடிய வகைக்குப் பிரிட்டன் பொது வரையறை வகுத்திருக்கிறது. வகைத்தடை ஆராய்ச்சியை முடக்கும், நாளைய நல்ல மருந்தையும் அடைத்துவிடும் என்று அங்குள்ள அறிவியலாளர்கள் எதிர்ப்பது நியாயமான கவலை. அதற்கான விடை விலக்கின் வாசகத்தில்தான் இருக்கிறது. 1992-இன் முதல் விலக்கே ஆய்வுக்கானது என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

இந்தியச் சட்டத்தின் மற்றொரு சிக்கல் எடை. ஃபென்டனிலுக்குச் 'சிறிய அளவு' 0.005 கிராம், 'வணிக அளவு' 0.1 கிராம். 2009 நவம்பரில் வந்த அறிவிக்கை, தூய மருந்தை மட்டும் கணக்கிடாமல் கரைசல், கலவை, மாத்திரை ஆகியவற்றின் முழு எடையையும் கணக்கில் கொள்ளச் சொன்னது. 2020-இல் ஹீரா சிங் வழக்கில் உச்ச நீதிமன்றமும் முழு எடைக் கொள்கையை ஏற்றது. சாலையோரத்தில் மாவு கலந்து விற்கும் ஹெராயினுக்கு இந்த வாதம் பொருந்தும். அறுவைக்கூடத்தில் பயன்படும் 2 மி.லி. ஃபென்டனில் குப்பியை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே மருந்து 100 மைக்ரோகிராம், மற்றதெல்லாம் நீர். தூய மருந்தைக் கணக்கிட்டால் வணிக அளவை எட்ட 1,000 குப்பிகள் வேண்டும். எழுத்தின்படி முழு எடையைக் கணக்கிட்டால் ஒரே குப்பி அந்த அளவைப்போல் 20 மடங்கு. வணிக அளவு என்றால் குறைந்தது 10 ஆண்டு சிறை, 37-ஆம் பிரிவின்படி பிணையும் அரிது. முறையான அங்கீகாரம் உள்ள மருத்துவமனையை இது தொடாது என்பது உண்மை. ஆனால் அங்கீகாரத்துக்கு விண்ணப்பிக்கலாமா என்று யோசிக்கும் சிற்றூர் மருத்துவர் இந்தக் கணக்கைப் படித்தபின் அலமாரியில் ஃபென்டனில் வைக்க முன்வருவாரா? தீ விபத்து நடந்த ஊரிலிருந்து பெரிய மருத்துவமனைவரை நோயாளி வலியோடுதான் போயாக வேண்டும்.

வெடித்தொழிலிலும் எடைக் கணக்கு உண்டு. மாவட்ட வருவாய் அலுவலர் தரும் 'டி.ஆர்.ஓ. லைசென்ஸ்' 15 கிலோவரை, அதற்கு மேலே மத்திய வெடிபொருள் துறையின் சென்னை அலுவலகம், அதற்கும் மேலே அதன் தலைமையகம் தரும் 'நாக்பூர் லைசென்ஸ்'. ஆனால் எடையோடு அந்தச் சட்டம் நின்றுவிடவில்லை. ஓர் அறையில் எத்தனை பேர், கலப்பவர் யார், அறைக்கும் அறைக்கும் எவ்வளவு தூரம் என்று பொருளின் நடமாட்டத்தையும் அது பார்க்கிறது. அந்தக் கண் மூடிய இடங்களில்தான் பிணங்கள் விழுந்தன. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி வெடி ஆலை விபத்தில் ஏறத்தாழ 40 பேர் இறந்தார்கள். உதவ ஓடிவந்தவர்களும் அதில் அடக்கம். 2021 பிப்ரவரியில் அச்சன்குளம் ஆலை விபத்தில் 20-க்கும் மேற்பட்டோர் போனார்கள். உரிமம் ஒருவர் பெயரில் இருக்க, அறைகளை உள்குத்தகைக்கு எடுத்தவர்கள் வேறு பேராக இருந்தது அங்கே வெளிப்பட்டது.

மாத்திரை உலகிலும் உள்குத்தகை இருக்கிறது, வேறு பெயரில். டேப்பென்டடாலும் காரிசோப்ரடால் என்ற தசைத்தளர்த்தியும் சேர்த்து இந்தியாவில் செய்த மாத்திரைகள் மேற்கு ஆப்பிரிக்கத் தெருக்களில் விற்பதைப் பிபிசி புலனாய்வு காட்டிய பின், 2025 பிப்ரவரியில் அந்தக் கூட்டு மாத்திரைக்கான தயாரிப்பு, ஏற்றுமதி அனுமதிகளை மத்திய அரசு திரும்பப் பெற்றது. அந்த இரண்டின் கூட்டுக்கு மட்டுமே அந்த உத்தரவு. காரிசோப்ரடாலுக்குப் பதில் வேறொன்றைச் சேர்த்தால் அதற்கு வேறோர் உத்தரவு வேண்டும். மருந்துக்கடையில் ஹெச்1 பட்டியல் மருந்துக்கு நோயாளி பெயர், மருத்துவர் பெயர், அளவு எழுதிய பதிவேட்டை 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். அந்த ஏடு கடைக்காரரின் மேசையில் தொடங்கி அங்கேயே முடிகிறது. ஆலையிலிருந்து மொத்த வணிகருக்கும், அங்கிருந்து கூரியர் பொட்டலத்துக்கும் நகர்ந்த சரக்கு அதில் ஏறுவதில்லை.

அப்படியானால் வேண்டியது இதுதான். ஓபியாய்டு ஏற்பிகளில் வேலை செய்யும் செயற்கைப் பொருட்களை வேதி அமைப்பின்படி வகையாக வரையறுத்து, 1985 சட்டத்தின் 3-ஆம் பிரிவின் வழியே சேர்க்க வேண்டும். மருந்து வடிவத்தில் உள்ளவற்றுக்கு எடையைத் தூய மருந்தில் கணக்கிட வேண்டும். சரக்கு ஆலையை விட்ட நாள் முதல் ஒவ்வொரு கையையும் பதிவு செய்ய வேண்டும். உட்கொள்பவர் தாமாகச் சிகிச்சைக்கு வந்தால் வழக்கிலிருந்து காக்கும் 64ஏ பிரிவு ஏற்கெனவே இருக்கிறது, காவல் நிலையங்களில் அதை எடுத்துப் பேசுவோர்தான் குறைவு. விலக்குகளை 'மருத்துவப் பயன்பாட்டுக்கு' என்று பொத்தாம்பொதுவாக எழுதாமல் 'தீக்குச்சித் தலை' என்றது போலக் கண்ணுக்குத் தெரியும்படி எழுத வேண்டும்: தீக்காயப் பிரிவில் கட்டு மாற்றும் நேரம், அறுவைக்கூடம், விபத்து ஊர்தி, புற்றுநோயாளியின் வீடு. உடைத்த குப்பியை மாலையில் திரும்ப எண்ணி வாங்கி ஏட்டில் ஏற்றினால் போதும். வெடி ஆலையின் மருந்தறையில் மிஞ்சிய மணிமருந்துக்குப் பொழுது சாயுமுன் கணக்குக் கேட்கும் ஊரில் அது யாருக்கும் புதிய வேலையாக இருக்காது.