முள்ளம்பன்றிப் படை: குமாசியின் கோட்டோக்கோ

கானாவின் இரண்டாம் பெருநகரான குமாசியில் ட்வி மொழி பேசும் அசாந்தே மக்களுக்கு ‘கோட்டோக்கோ’ என்றால் முள்ளம்பன்றி. அவர்களுடைய அரசின் சின்னமும் அதுவே. ‘ஆயிரம் பேரைக் கொன்றால் இன்னும் ஆயிரம் பேர் வருவார்கள்’ என்பது அந்தச் சின்னத்தோடு சேர்ந்து வரும் முழக்கம். உதிர்ந்த முள்ளுக்குப் பதிலாகப் புது முள் முளைப்பதுபோல, விழுந்த வீரனுக்குப் பதில் இன்னொருவன் எழுவான் என்று பொருள். சின்னம், முழக்கம் இரண்டையும் ஒரு கால்பந்து அணி தனதாக்கிக்கொண்டது 1935-இல்.

அணியின் தொடக்கம் அதற்கும் பத்தாண்டு முந்தையது. அக்ராவில் ஒரு வெள்ளைக்கார அதிகாரிக்குக் கார் ஓட்டிவந்த குவாசி குமா என்ற குமாசி இளைஞர், கடற்கரை நகரத்துப் பையன்கள் பந்து விளையாடுவதைப் பார்த்தார். அக்ராவில் ஹார்ட்ஸ் ஆஃப் ஓக் அணி 1911 முதலே இருந்தது. உள்நாட்டுக் குமாசியில் அந்த மோகம் அப்போதுதான் பரவத் தொடங்கியிருந்தது. ஊர் திரும்பிய குமா, எலக்ட்ரீஷியன் நண்பர் ஒருவரோடு சேர்ந்து 1926 வாக்கில் ‘ரெயின்போ’ அணியை அமைத்தார். வெற்றி சரியாகக் கிட்டவில்லை. பெயரில்தான் தோஷம் என்று நினைத்தார்களோ என்னவோ, 1931-இல் ‘அசாந்தே யுனைடெட்’ ஆனது, பிறகு ‘டைட்டானிக்ஸ்’. மூழ்கிப்போன கப்பலின் பெயரை அணிக்கு வைத்தவர்களின் துணிச்சலை மெச்சத்தான் வேண்டும்.

இதே ஆண்டுகளில் அசாந்தே அரசும் தன்னை மீட்டெடுத்துக்கொண்டிருந்தது. 1896-இல் பிரிட்டிஷார் சிறைபிடித்து, பிறகு சீஷெல்ஸ் தீவுக்கு நாடு கடத்திய மன்னர் முதலாம் பிரெம்பே, 1924-இல்தான் ஊர் திரும்பினார். அப்போதும் குமாசித் தலைவர் என்ற பட்டத்தை மட்டுமே பிரிட்டிஷார் ஏற்றார்கள். அசாந்தே முழுமைக்கும் மன்னர் என்று ஏற்கவில்லை. அவருக்குப் பின் வந்த இரண்டாம் பிரெம்பே காலத்தில், 1935 ஜனவரியில், அசாந்தேக் கூட்டரசு முறைப்படி திரும்ப நிறுவப்பட்டது. அதே ஆண்டில், உள்ளூர் ஆசிரியர் ஒருவரின் யோசனைப்படி, ‘கோட்டோக்கோ’ என்ற பெயரைச் சூட்டிக்கொள்ள அணி மன்னரிடம் அனுமதி கேட்டது. அரசுச் சின்னத்தை யாரும் தன்போக்கில் எடுத்துக்கொள்ள முடியாது. மன்னர் இசைந்தார், அணியின் புரவலரும் ஆனார். அன்று முதல் இது அரண்மனையின் சொத்து. இன்றும் நிர்வாகக் குழுவை அமைப்பதும் கலைப்பதும் மன்னரின் கையில்தான் இருக்கிறது.

சுதந்திர கானாவில் இந்த அடையாளமே நெருடலானது. அதிபர் குவாமே இன்க்ரூமாவின் எதிர்க்கட்சிகளுக்குக் குமாசி கோட்டை. 1961-இல் நாட்டின் விளையாட்டுத் தலைவர் ஓஹேனே ஜான் ‘ரியல் ரிபப்ளிகன்ஸ்’ என்ற முன்மாதிரி அணியை உருவாக்கி, மற்ற அணிகளின் தேர்ந்த ஆட்டக்காரர்களை அதற்கு எடுத்துக்கொண்டார். கோட்டோக்கோ இழந்தவர்களில் வலப்பக்க விங்கர் பாபா யாராவும் ஒருவர். 1963-இல் அந்த அணியின் பஸ் விபத்துக்குள்ளாகி அவர் உடல் செயலிழந்தது, 1969-இல் இறந்தார். இன்க்ரூமா 1966-இல் கவிழ்ந்ததும் ரிபப்ளிகன்ஸும் கலைந்தது. குமாசி மைதானத்துக்குப் பின்னாளில் சூட்டிய பெயர் பாபா யாராவுடையது.

கண்ட அளவிலான புகழ் விசித்திரமான ஒரு தோல்வியில் தொடங்கியது. 1967 ஆப்பிரிக்க சாம்பியன்ஸ் கோப்பை இறுதியில் காங்கோவின் டிபி எங்கிள்பெர்ட்டோடு 1–1, 2–2 என இரண்டு ஆட்டமும் சமன். மூன்றாவது ஆட்டத்துக்குத் தேதி குறித்தார்கள். அந்தச் செய்தியைக் கானாக் கால்பந்துச் சங்கம் அணிக்குச் சொல்லவே இல்லை. கோட்டோக்கோ வரவில்லை, கோப்பை காங்கோவுக்குப் போனது. காகிதத்தில் தோற்ற அந்தக் கணக்கை 1970 இறுதியில் அதே எங்கிள்பெர்ட்டிடம் தீர்த்தார்கள். குமாசியில் 1–1, கின்ஷாசாவில், எதிரணியின் ரசிகர் கூட்டத்துக்கு நடுவே, 2–1. கோல்கீப்பர் ராபர்ட் மென்சாவின் தொப்பியில் மந்திரம் இருப்பதாக எதிரணியினர் நம்பினார்கள் என்ற கதை இன்றும் உலவுகிறது. அடுத்த ஆண்டே தேமா நகரத்து மதுக்கடைச் சண்டையில் உடைந்த பாட்டிலால் குத்துப்பட்டு மென்சா இறந்தார். அதே 1971-இல் அணியின் இப்ராஹிம் சண்டே ஆப்பிரிக்காவின் சிறந்த ஆட்டக்காரராகத் தேர்வானார். 1978-இல் அப்துல் ரசாக்கும் அந்த விருதைப் பெற்றார்.

சாம்பியன்ஸ் கோப்பையில் 1971, 1973, 1982 என மூன்று இறுதிகளில் தோல்வி. மூன்றாவதில் வென்றது கெய்ரோவின் அல் அஹ்லி. 1983-இல் மீண்டும் அதே எதிரி. அந்த ஆண்டு கானாவுக்குக் கொடுமையான ஆண்டு: வறட்சி, காட்டுத்தீ, உணவுப் பஞ்சம், போதாக்குறைக்கு நைஜீரியா துரத்திவிட்ட பத்து லட்சத்துக்கு மேற்பட்டோர் வேலையின்றி ஊர் திரும்பியிருந்தார்கள். கெய்ரோவில் 0–0. டிசம்பரில் குமாசியில் ஓப்போக்கு இன்டி அடித்த ஒரே கோல் கோப்பையைக் கொண்டுவந்தது. வயிறு காய்ந்திருந்த நாட்டுக்கு அது கோப்பைக்கும் மேலான ஒன்று.

அதற்குப் பிறகு அந்தக் கோப்பை குமாசிக்கு வரவில்லை. 1993 இறுதியில் எகிப்தின் சாமலெக்கிடம் பெனால்டியில் தோல்வி. கோப்பை வராததன் காரணம் மறைபொருளல்ல: திறமை காட்டும் இளைஞர்களை ஐரோப்பா முன்னைவிடச் சீக்கிரமே வாங்கிப்போகிறது, உள்நாட்டு லீக்கில் பணம் குறைவு, குமாசியில் நிர்வாகக் குழுக்கள் அடிக்கடி மாறுகின்றன.

மிகப் பெரிய துயரம் 2001 மே 9. அக்ராவில் ஹார்ட்ஸ் கடைசி நிமிடங்களில் இரண்டு கோல் அடித்து 2–1 என முந்தியது. கோட்டோக்கோ ரசிகர்கள் சிலர் நாற்காலிகளைப் பெயர்த்து வீசினார்கள். போலீஸ் கண்ணீர்ப் புகை வீசியது, கூட்டம் வாயில்களை நோக்கி ஓடியது, வாயில்கள் பூட்டியிருந்தன. 120-க்கும் மேற்பட்டோர் நெரிசலில் மாண்டார்கள். விசாரணைக் குழு போலீஸின் அத்துமீறலைச் சுட்டியது. வழக்கில் அதிகாரிகள் விடுதலையானார்கள்.

மூன்றாண்டு கழித்து ஆப்பிரிக்கக் கூட்டமைப்புக் கோப்பை இறுதியில் இவ்விரு அணிகளே மோதின. இரண்டு ஆட்டமும் 1–1. பெனால்டியில் ஹார்ட்ஸ் 8–7. 2017-இல் அக்ராவிலிருந்து திரும்பிய அணியின் பஸ் நின்றிருந்த லாரியில் மோதி, ஊழியர் ஒருவர் உயிரிழந்தார். 2021–22 பருவத்தில் லீக் பட்டம் மீண்டும் கிட்டியது. அடுத்து ஆப்பிரிக்கப் போட்டிக்குப் போன அணி, புர்கினா ஃபாசோவின் கடியோகோவிடம் ஆரம்பச் சுற்றிலேயே பெனால்டியில் வெளியேறியது.