சிறு விமானங்கள் சொல்லும் பெரும்போரின் கதை

மரத்திலும் பிளாஸ்டிக்கிலும் சிறு விமான உருவங்களைச் செய்து அலமாரியில் அடுக்கி வைப்பதைப் பிள்ளை விளையாட்டென்றே நம்மில் பலர் கருதுகின்றோம். அவற்றுள் ஜப்பானியப் போர் விமானங்கள் இருக்கக் காணும்போது, ‘நம் கரைமீது குண்டு வீச வந்தவனுடைய ஊர்தியை இத்துணை அருமை பாராட்டிச் செய்வானேன்?’ என்னும் வினாவும் முதியோர் உள்ளத்தில் எழுவதுண்டு. நியாயமான வினாவே அது. விமானத் தொழிற்சாலையால் வளம் பெற்ற பெங்களூரில் வாழும் தமிழ்க் குடும்பங்களாகிய நாம் இதற்கு விடை தேடப் புகுந்தால், நமது சொந்த வரலாற்றின் ஒரு பகுதியையே புரட்டிப் பார்த்தவர்களாவோம்.

1941 டிசம்பரில் ஜப்பானியர் மலாயாவில் இறங்கினர். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தது. ஏப்ரல் 4ஆம் நாள், இலங்கைக்குத் தெற்கே ஜப்பானியக் கப்பற்படை வருவதைக் கனடா நாட்டு விமானி லெனர்ட் பர்ச்சால் ஓட்டிய ‘காட்டலினா’ என்னும் கடல் விமானம் கண்டறிந்து செய்தி அனுப்பியது. அனுப்பிய சிறு பொழுதில் ‘ஸீரோ’ விமானங்களால் அது சுட்டு வீழ்த்தப்பட்டது. மறுநாள் கொழும்பு தாக்கப்பட்டது. 6ஆம் நாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டுகள் விழுந்தன. 9ஆம் நாள் திருகோணமலை தாக்குண்டது. அன்றே ‘ஹெர்மீஸ்’ என்னும் பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக் கடலில் மூழ்கியது. சென்னை நகர மக்கள் வீடுகளைப் பூட்டிக்கொண்டு கூட்டங்கூட்டமாக உள்நாட்டு ஊர்களுக்குச் சென்றனர். அந்நாளில் மக்களை வாட்டிய அச்சத்தில் பாதி, வருவது இன்னதென்று அறியாமையால் விளைந்த அச்சமே எனலாம்.

அந்த ‘ஸீரோ’தான் யாது? மிட்சுபிஷி நிறுவனத்தில் ஜிரோ ஹோரிகோஷி என்னும் பொறியியல் வல்லுநரின் தலைமையில் உருவான கடற்படைப் போர் விமானம் அது. 1939 ஏப்ரல் 1ஆம் நாள் முதன்முதலாகப் பறந்தது. நகோயாத் தொழிற்சாலையிலிருந்து விமானத் திடலுக்கு அதனைக் கொண்டுசென்றவை மாட்டு வண்டிகள் என்பது வியப்புக்குரிய செய்தி. ஜப்பானியர் கணக்கில் 2600ஆம் ஆண்டாகிய 1940இல் அது படையிற் சேர்க்கப்பட்டமையால், அவ்வாண்டின் இறுதிச் சுழியே அதற்குப் பெயராயிற்று. எடையைக் குறைப்பதே அதன் உயிர்நாடி. இலேசான உலோகக் கலவையும் கூடுதல் எண்ணெய்க் கலமும் கொண்டு அது நெடுந்தூரம் பறந்தது, விரைவாய்த் திரும்பியது. ஆனால் அவ்விலேசுக்கு விலை உண்டு. விமானியைக் காக்கும் இரும்புக் கவசமும், குண்டு துளைத்தால் தானே அடைபடும் எண்ணெய்த் தொட்டியும் தொடக்கத்தில் அதற்கு வைக்கப்படவில்லை.

இனி, மாதிரி உருவங்களின் கதைக்கு வருவோம். வானில் தோன்றும் விமானம் நண்பனுடையதா பகைவனுடையதா என்பதைச் சில நொடிகளில் தீர்மானித்தாக வேண்டும். தவறினால் ஊர் எரியும். அல்லது தம்மவரையே சுட்டு வீழ்த்த நேரும். இதற்குப் பயிற்சியளிக்க, 1942இன் தொடக்கத்தில் அமெரிக்கக் கடற்படை அந்நாட்டு உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் ஐந்து இலட்சம் மர விமானங்களைச் செய்து தருமாறு வேண்டியது. நண்பர், பகைவர் என்னும் இருசாராரின் விமானங்களும் அவற்றுள் இருந்தன. உண்மை விமானத்தின் ஆறடியை ஓரங்குலமாகச் சுருக்குவது முறை. அதாவது 72இல் ஒரு பங்கு. உருவம் மட்டுமே கண்ணிற் படுமாறு அவற்றுக்குக் கருமை பூசினர். 35 அடிக்கு அப்பால் அத்தகைய உருவத்தைப் பிடித்துக் காட்டினால், உண்மை விமானத்தை ஏறத்தாழ அரை மைல் தொலைவில் காண்பது போலிருக்கும். பள்ளிச் சிறுவனின் கை சற்றே பிசகினால் காவற்காரன் கண்ணும் பிசகும். ஆகவே அளவு பிசகிய உருவங்கள் தள்ளப்பட்டன.

அளவின் அருமைக்கு ஓர் எடுத்துக்காட்டுப் போதும். முதலில் போரில் வந்த ஸீரோவின் இறக்கை முனைக்கு முனை 12 மீட்டர். கப்பலின் மின்தூக்கியில் அடங்குவதற்காக, ஒவ்வொரு முனையிலும் ஏறத்தாழ அரை மீட்டர் மடங்கும்படி அமைத்திருந்தனர். பின்னர் வந்த ஒரு வகையில் அம்முனைகளையே நீக்கிச் சதுரமாக்கிவிட்டனர். இதனைக் கண்ட நேச நாட்டினர் புதியதொரு விமானம் என்றெண்ணி, ‘ஸீக்’ என்று தாம் வழங்கிய ஸீரோவுக்கு மாறாக, ‘ஹாம்ப்’ முதலிய வேறு பெயர்களை இட்டனர். 72இல் ஒரு பங்கு உருவத்தில் அவ்வேறுபாடு பக்கத்திற்கு 7 மில்லிமீட்டரே!

பர்மா வானில் ஸீரோ என்று பலரும் கூறியதும் பெரும்பாலும் ஸீரோ அன்று; தரைப்படைக்கென நகஜிமா நிறுவனம் செய்த ‘ஹயபூசா’ என்பதே. நேச நாட்டார் அதனை ‘ஆஸ்கர்’ என்றனர். ஸீரோவுக்கு இறக்கைகளில் பீரங்கிகள் உண்டு. ஹயபூசாவின் துப்பாக்கிகள் மூக்குப் பகுதியில் மட்டுமே இருந்தன. இன்று நுணுக்கமாக மாதிரி செய்பவர் இவ்வேறுபாடுகளை அரத்தாலும் தூரிகையாலும் கற்கின்றனர். வரலாற்றை நூலிற் படிப்பவன் மறந்தாலும் கையாற் செய்தவன் மறப்பதில்லை.

இவ்வளவும் நிகழ்ந்த காலத்தில் நமது பெங்களூர் என் செய்துகொண்டிருந்தது? தொழிலதிபர் வால்சந்த் ஹீராசந்தும் மைசூர் அரசும் கூடி, 1940 டிசம்பரில் இங்கு ஹிந்துஸ்தான் விமான நிறுவனத்தைத் தோற்றுவித்தனர். 1942 ஜூலையில் இங்கு இணைத்துப் பூட்டப்பட்ட ‘ஹாக்’ போர் விமானம் வானில் ஏறியது. 1943இல் தொழிற்சாலை அமெரிக்க விமானப் படையின் பொறுப்பில் வந்து, பெரும் பழுதுபார்க்கும் கூடமாயிற்று. இலங்கைக்கு எச்சரிக்கை தந்த காட்டலினாவின் உடன்பிறப்புகளும் அங்கே செப்பனிடப்பட்டன. அவை நீரில் இறங்கப் பெல்லந்தூர் ஏரி உதவியது. கடலில்லாத ஊரில் கடல் விமானம் இறங்கிய விந்தை அது!

தமிழர் நினைவில் ஜப்பான் ஒரு முகத்தோடு மட்டும் நிற்பதில்லை. மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்டு, 1943இல் முடிந்த சயாம்–பர்மா இருப்புப் பாதையில் நோயாலும் பசியாலும் மாண்ட தமிழர் பல்லாயிரவர். அதே மலாயாவில், அதே ஜப்பானியர் துணையோடு நேதாஜி நடத்திய இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்து நாட்டு விடுதலைக்கு உயிர் ஈந்த தமிழரும் பலர். ஒரே குடும்பத்தில் இவ்விரு நினைவுகளும் இருந்ததுண்டு. ஆதலின் அவ்விமானத்தை வெறுப்பதோ போற்றுவதோ போதாது, அறிதலே வேண்டும். அழகிய சிற்றுருவம் காட்டாத ஒன்றும் உண்டு: அதனுள் அமர்ந்த விமானி. கவசமின்றிப் புறப்பட்டவரும், 1944 அக்டோபர் முதல் கப்பல்கள்மீது மோதி மடியுமாறு அனுப்பப்பட்டவரும் பெரும்பாலும் இளைஞரே. பிள்ளைகள் செய்த விமானத்தை மெச்சும் பெற்றோர் இதனையும் அவர்களுக்குச் சொல்லுதல் கடன்.

போர் முடிந்தபின் ஜப்பானில் 1952 வரை விமானத் தொழில் தடைசெய்யப்பட்டிருந்தது. ஆனால் ஷிசுவோகா நகரில் மரவேலை வளர்ந்தது. 1946இல் மரத்தொழிலில் தொடங்கிய தமியா நிறுவனம் பின்னர் மாதிரி உருவங்களிலும், 1960 முதல் பிளாஸ்டிக் உருவங்களிலும் உலகப் புகழ் பெற்றது. தோல்வியுற்ற நாடு தன் வரலாற்றை மறைக்காமல் சிறு பெட்டியில் இட்டு உலகெங்கும் அனுப்பியது.

அந்தப் பெட்டியைத் திறக்கும் நம் பிள்ளைகளிடம் நாம் கேட்க வேண்டுவது ஒன்றே. ஸீரோவுக்கு அருகில் 1951 ஆகஸ்டில் பறந்த நம் எச்.டி.–2 பயிற்சி விமானத்தையும், 1961 ஜூனில் பறந்த ‘மாருத்’ போர் விமானத்தையும் வைக்கட்டும். பெட்டி கிடைக்கவில்லையெனில் மரத்தைச் செதுக்கட்டும். அளவு தெரியவில்லையெனில் பழைய விமான நிலையச் சாலையிலுள்ள விமான அருங்காட்சியகத்தில் நிற்கும் மாருத்தைக் கண்டு வரட்டும். பிறர் படைத்ததை அளந்தறிந்த கை, தன் ஊர் படைத்ததையும் அளந்தறிய வேண்டும். அவ்விரண்டையும் அறிந்த கையே நாளை புதியது படைக்கும்.