துவக்கு தோளேறிய கதை

இரண்டு கைகளும் வேறு வேலைக்கு வேண்டியிருந்தபோதுதான் துவக்கு வாருக்கு மவுசு வந்தது. 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பியப் படைகளில் கைக்குண்டு எறிபவர்கள் சேர்க்கப்பட்டார்கள். 1678இல் ஆங்கிலேய எழுத்தாளர் ஜோன் ஈவ்லின் தம் நாட்குறிப்பில் இவர்களைப் புதுவகைச் சிப்பாய்களாகப் பதிந்துவைத்தார். ஒரு கையில் இரும்புக் குண்டு, மறு கையில் எரியும் திரி. துவக்கை எங்கே வைப்பது? தோல்வார் கோத்து முதுகில் போட்டார்கள். பிறகு மற்றச் சிப்பாய்களுக்கும் அந்த வார் வந்துசேர்ந்தது.

இலங்கையில் 1795 ஆகஸ்டில் கேணல் ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டின் பிரித்தானியப் படை ஒல்லாந்தரிடமிருந்து திருகோணமலைக் கோட்டையைப் பிடித்தது. அக்காலப் பிரித்தானியச் சிப்பாயின் துவக்கு ஏறத்தாழ 4.5 கிலோ, அதற்கு வாரும் இருந்தது.

பின்னால் வேட்டைக்கு வந்த துரைமாருக்கு அது அவ்வளவாகத் தேவைப்படவில்லை. மின்னேரியாக் குளத்துப் பக்கம் யானை சுட்ட சாமுவேல் பேக்கரிடம் பிரிஸ்டல் நகரத்துக் கிப்ஸ் செய்துகொடுத்த ரைபிள் ஒன்று இருந்தது. நிறை 21 இறாத்தல். மேலதிகத் துவக்குகளைச் சுமந்துகொண்டு பின்னால் ஆட்கள் நடந்தார்கள். துரை கையை நீட்டினால் அடுத்த துவக்கு வரவேண்டும். யானை திரும்பிப் பாய்ந்தாலும் ஓடக்கூடாது. கூலிக்குத் தோள் கிடைத்தவரை வாருக்கு வேலையில்லை.

தனியே காடேறுபவனுக்குத்தான் வார் வேண்டும். அதற்கு இன்னொரு வேலையும் சேர்ந்தது. 1907ஆம் ஆண்டு அமெரிக்க இராணுவத்துக்கு வந்த தோல்வாரில் துளை வரிசையும் பித்தளைக் கொக்கிகளும் உண்டு. அதை வளையமாக்கி மேற்புயத்தில் இறுக்கினால், வார் விறைத்துப் பிடங்கைத் தோளோடு அழுத்தும். கை நடுக்கம் குறையும், குறி நிற்கும்.

மாரி மழையில் தோல்வார் ஊறி நீளும், பூஞ்சணம் பிடிக்கும். பருத்திப் பட்டி நனைந்தால் கனக்கும். நைலோன் கெதியாகக் காயும், ஆனால் தோளில் வழுக்கும். கொழுவும் வளையம் கிலுங்கினால் மான் முதலில் கேட்டுவிடும். வேலியோ மரமோ ஏறுமுன் தோட்டாவைக் கழற்றிவிட வேண்டும். வார் துவக்கைத் தாங்குமே தவிர, வெடிப்பதைத் தடுக்காது.

இலங்கையில் 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் பின்வந்த திருத்தங்களும் வேட்டையை ஒடுக்கின. இன்று கந்தளாய்ப் பக்கம் காடு பார்க்கப் போகிறவரின் தோளில் கமராவோ தூரநோக்கியோதான் தொங்கும். அதற்கு வார் வாங்கும்போதும் பார்க்கவேண்டியவை அவையே: பாரத்தைப் பரப்பும் அகலம், வழுக்காத உட்புறம், சத்தம் போடாத கொக்கி.