மோக்டன் கணக்கு

பீருக்குப் பேர்போன ஊர் இங்கிலாந்தின் பர்ட்டன். ஊர்க் கழிவை எகின்டன் பண்ணை நிலங்களுக்கு ஏற்றி அனுப்புவதற்காகவே அங்கே கிளேமில்ஸ் என்ற இடத்தில் 1885-இல் நான்கு பெரிய நீராவி எந்திரங்கள் நிறுவப்பட்டன. வீடுகளின் கழிவுக்கு மட்டும் இத்தனை பெரிய ஏற்பாடு தேவைப்பட்டிருக்காது. மால்ட்டும் ஈஸ்ட்டும் கலந்த ஆலைக் கழிவுதான் அந்தச் சுமையைக் கூட்டியது. ஆனால் அன்றைய நகராட்சிகள் கட்டடத்தின் வாடகை மதிப்பை வைத்தே வரி போட்டன. ஒரே வாடகை மதிப்புள்ள துணிக் கிடங்குக்கும் பீர் ஆலைக்கும் ஒரே வரிதான். ஆலைக் கழிவைச் சாக்கடையில் ஏற்க நகராட்சிகள் வசதி செய்து தரவேண்டும் என்றது 1876-ஆம் ஆண்டின் ஆற்று மாசுத் தடுப்புச் சட்டம். ஆற்றைக் காக்கும் நல்ல நோக்கம்தான். ஆனாலும் ஆலையின் செலவு சத்தமில்லாமல் குடித்தனக்காரர் தலையில் ஏறியது.

இதை அநியாயம் என்று சொல்ல நல்ல மனம் மட்டும் போதாது, அளவுகோல் வேண்டும். அதைத் தந்தது 1898 முதல் 1915 வரை இயங்கிய கழிவுநீர் அரச ஆணையம். கழிவுநீரின் மாதிரியை ஐந்து நாள் மூடி வைத்து, அதிலுள்ள அழுக்கைத் தின்னும் நுண்ணுயிர்கள் எவ்வளவு ஆக்சிஜனை இழுக்கின்றன என்று பார்க்கும் சோதனையை அது நிலைநாட்டியது. பி.ஓ.டி. என்று இன்று உலகமே சொல்வது இதைத்தான். ஆற்றில் விடும் நீரில் லிட்டருக்கு 20 மில்லிகிராம் பி.ஓ.டி., 30 மில்லிகிராம் மிதக்கும் துகள்கள் என்ற வரம்பையும் 1912-இல் ஆணையம் வகுத்தது. வீட்டுச் சாக்கடையின் பி.ஓ.டி. சில நூறு மில்லிகிராம், பாலின் பி.ஓ.டி. ஒரு லட்சம். பால் பண்ணையில் ஒரு குடம் பால் கொட்டிப்போனால், நூற்றுக்கணக்கான குடம் வீட்டுக் கழிவுக்குச் சமமான வேலை சுத்திகரிப்பு நிலையத்துக்கு வந்து சேர்கிறது. இது தெரிந்த பிறகு, வாடகை மதிப்பையோ தண்ணீர் அளவையோ மட்டும் பார்த்து விலை போடுவதை எப்படி நியாயப்படுத்த முடியும்?

லண்டனுக்கு மேற்கே இருந்த பல சிறிய சுத்திகரிப்பு நிலையங்களுக்குப் பதிலாக 1936-இல் மோக்டன் நிலையம் திறக்கப்பட்டது. பக்கத்திலேயே கிரேட் வெஸ்ட் சாலை நெடுகப் புதிய தொழிற்சாலைகள் முளைத்திருந்தன. மோக்டனின் பெயராலேயே வழங்கும் கணக்கு செலவை நான்காகப் பிரிக்கிறது: கழிவைக் கொண்டுவருவது, முதல்கட்டமாகத் தேக்கித் தெளியவைப்பது, நுண்ணுயிர்களைக் கொண்டு சுத்திகரிப்பது, கசடை அகற்றுவது. முதல் இரண்டுக்கும் தண்ணீரின் அளவே விலை. பின்னிரண்டுக்கும், நிலையத்துக்கு வரும் சராசரிக் கழிவைவிட அந்த ஆலையின் கழிவு எத்தனை மடங்கு அடர்த்தியோ அத்தனை மடங்கு விலை. சராசரி 400 மில்லிகிராம், ஆலையின் கழிவு 2,000 என்றால் நுண்ணுயிர்ச் சுத்திகரிப்புக்கு ஐந்து மடங்கு. ஐந்து நாள் காத்திருந்து பில் போடுவது தோதுப்படாது; இந்தக் கணக்கில் இன்று பயன்படுவது சில மணி நேரத்தில் முடியும் சி.ஓ.டி. என்ற வேதியியல் சோதனை.

கட்டணம் ஏறினால் ஆலைகள் திருட்டுத்தனமாக ஆற்றில் விடும் என்பது இதற்கு வலுவான ஆட்சேபம். அந்த ஆபத்து உண்மையானது. அதைத் தடுக்க ஆற்றங்கரையில் கண்காணிப்பு வேண்டுமே தவிர, சாக்கடையில் சலுகை தருவது வழியல்ல. சலுகை பெறும் ஆலைக்குத் தன் கழிவைக் குறைக்க எந்தக் காரணமும் இல்லை. கழிவிலும் காசு உண்டே என்பது இன்னொரு வாதம். கம்பளி கழுவிய நீரில் அமிலம் சேர்த்துக் கொழுப்பைப் பிரித்து விற்றது பிராட்ஃபோர்டு நகராட்சி. ஆனால் எல்லா ஊர்ச் சாக்கடையிலும் விற்கத் தகுந்த கொழுப்பு வருவதில்லை.

மோக்டன் கணக்கில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. குறை சட்டத்தில் இருந்தது. அனுமதி பெற்று, கட்டணம் செலுத்தி ஆலைக் கழிவைச் சாக்கடையில் விட 1937-ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்தது. அதே சட்டம், அவ்வாண்டு மார்ச் 3-க்கு முந்தைய ஓராண்டில் முறைப்படி கழிவு விட்டுவந்த ஆலைகளுக்கு, பழைய அளவும் தன்மையும் மாறாதவரை, விலக்கும் கொடுத்தது. முன்பே கழிவைக் கொட்டிவந்தவருக்கே சலுகை! அந்த விலக்கு படிப்படியாக நீங்க 1961, 1974 ஆண்டுகளின் சட்டங்கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவரை பழைய ஆலைகளின் பாக்கியைக் கட்டியவர்கள் பக்கத்துத் தெருவின் குடித்தனக்காரர்கள்தான்.