ஆளுக்கேற்ற ஆக்கம்: டியூக் எலிங்டனின் தொடக்ககால இசைத்தட்டுகள்

ஜாஸ் இசையமைப்பாளர் டியூக் எலிங்டன் 1926 நவம்பர் 29 அன்று தம் குழுவுடன் வோகேலியன் நிறுவனத்துக்காக ‘ஈஸ்ட் செயிண்ட் லூயிஸ் டூடுல்-ஊ’ என்ற உருப்படியைப் பதிவு செய்தார். அடுத்த ஆண்டு டிசம்பருக்குள் பிரன்ஸ்விக், கொலம்பியா, விக்டர் நிறுவனங்களுக்கும் அதையே வாசித்தார். ‘பிளாக் அண்ட் டான் ஃபேண்டசி’ 1927 ஏப்ரல் முதல் நவம்பருக்குள் மூன்று நிறுவனங்களில் பதிவானது. குழுவின் மேலாளர் இர்விங் மில்ஸ், ஒரே குழுவை வெவ்வேறு பெயர்களில் பல நிறுவனங்களுக்கு விற்றதன் விளைவு இது. வணிகத்துக்காக நடந்த இந்த மறுபதிவுகள் ஆய்வாளருக்கு அரிய சான்றுகள். உருப்படியில் எது நிலைத்தது, எது வாசித்தவரோடு மாறியது என்பதை அவற்றைக் கொண்டு பிரித்தறியலாம். எலிங்டனின் புதுமை மெட்டைக் கண்டுபிடித்ததில் இல்லை. ஒவ்வொரு கலைஞரின் தனிக்குரலையும் இசையமைப்பின் மூலப்பொருளாக்கியதில்தான் இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

அந்தக் குரல்களில் முதன்மையானது டிரம்பெட் கலைஞர் பப்பர் மைலியுடையது. கழிவுக்குழாய் அடைப்பெடுக்கும் கருவியின் ரப்பர் கிண்ணத்தை டிரம்பெட்டின் வாய்க்கு முன் திறந்தும் மூடியும், தொண்டையிலிருந்து உறுமலை எழுப்பியும் பேச்சை நெருங்கும் ஒலியை அவர் உருவாக்கினார். டிராம்போனில் ஜோ நான்டன் இதே வழியில் சென்றார். ‘டூடுல்-ஊ’வில் தாழ்ந்த ஸ்தாயியில் நீண்டு நிற்கும் சுரக்கூட்டுகளின் மேல் மைலியின் உறுமல் மெட்டு எழுகிறது, இறுதியில் அந்த மெட்டே திரும்பி வந்து உருப்படியை முடிக்கிறது.

இசையறிஞர் குந்தர் ஷுல்லர் 1968இல் வெளியிட்ட ஜாஸ் வரலாற்று நூலில், இந்த ஆண்டுகளின் படைப்பூக்கம் பெரும்பாலும் மைலியிடமிருந்தே வந்தது என்று வாதிட்டார். மறுக்க முடியாத வலு அதற்கு உண்டு. ‘பிளாக் அண்ட் டான் ஃபேண்டசி’யின் முதல் மெட்டு மைலியுடையது, ‘தி ஹோலி சிட்டி’ என்ற பக்திப் பாடலை மைனருக்கு மாற்றி அவர் அமைத்தது. ஆனால் மெட்டை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் உருப்படியின் கட்டுமானம் கண்ணில் படாமல் போகும். அந்த மெட்டு ஒலிக்கும் பன்னிரண்டு அளவு மைனர் ப்ளூஸை அடுத்து, ஓட்டோ ஹார்ட்விக்கின் வழவழப்பான சாக்ஸபோன் மெட்டு மேஜரில் வருகிறது. பிறகு மைலி ஓர் உச்ச சுரத்தை அசையாமல் நீட்டிப் பிடித்துத் தம் தனிவாசிப்பைத் தொடங்குகிறார். எலிங்டனின் பியானோவும் நான்டனின் டிராம்போனும் தொடர, முடிவில் ஷோப்பானின் இறுதி ஊர்வல இசை ஒலிக்கிறது. கறுப்பரும் வெள்ளையரும் ஒன்றாகக் கூடிய கேளிக்கை விடுதிகளைக் குறிக்கும் தலைப்பு. முடிவோ சாவு இசை. துயரத்தையும் பகட்டையும் இப்படி அருகருகே நிறுத்தியதிலிருந்தே இந்த உருப்படியின் பொருள் பிறக்கிறது. தனி மெட்டு எதுவும் அதைத் தந்துவிடாது.

1927 நவம்பர் 3 அன்று ஓகே நிறுவனத்துக்கு நடந்த இதே உருப்படியின் பதிவு இக்கட்டுரையின் வாதத்துக்கு உரைகல். அன்று மைலி இல்லை. ஜாபோ ஸ்மித் அவர் இடத்தில் வாசித்தார். கட்டுமானம் குலையவில்லை, உருப்படி உருப்படியாகவே நின்றது. ஆனால் ஸ்மித்தின் சரளமான வாசிப்பில் மைலியின் கனத்த இருள் இல்லை. உணர்வின் நிறம் மாறிவிட்டது. கட்டுமானம் எலிங்டனின் பங்கு, நிறம் மைலியின் பங்கு என்பதை ஒரே இசைத்தட்டு பிரித்துக் காட்டிவிடுகிறது. 1929இல் மைலி விலகியபோது, அவர் இடத்துக்கு வந்த கூட்டி வில்லியம்ஸ் உறுமல் முறையைக் கற்றுத் தமதாக்கிக்கொண்டார். ஒருவரிடம் பிறந்த ஒலி குழுவின் மரபாக மாறியது அப்போதுதான்.

1927 அக்டோபர் 26 அன்று பதிவான ‘கிரியோல் லவ் கால்’ இன்னும் தெளிவான சான்று. அதன் மெட்டு, கிங் ஆலிவர் 1923இல் பதிவு செய்த ‘கேம்ப் மீட்டிங் ப்ளூஸி’லிருந்து வந்தது. எலிங்டனின் பங்கு, அடிலெய்டு ஹாலின் குரலை அதில் சேர்த்தது. சொல்லே இல்லாமல், கிளாரினெட்டுகளுக்கு மறுமொழியாகவும் பிறகு டிரம்பெட்டைப் போல உறுமியும் பாடுகிறார் அவர். பாடகியும் குழுவில் ஒரு வாத்தியமாகிறார். மெட்டு இரவலானாலும் இந்த ஒலி வேறு எவரிடமும் இல்லை.

1930இல் பதிவான ‘மூட் இண்டிகோ’ இம்முறையின் முதிர்ச்சி. அடைப்பிட்ட டிரம்பெட்டும் டிராம்போனும் மேலே ஒலிக்க, வழக்கத்துக்கு மாறாகக் கிளாரினெட் அவற்றின் அடியில் தாழ்ந்த ஸ்தாயியில் நிற்கிறது. மைலி வெளியேறியபின் இப்படி ஒரு படைப்பு உருவானது, எலிங்டனின் முறை ஒரே கலைஞரை நம்பி நிற்கவில்லை என்பதற்கு அத்தாட்சி.

எனவே ‘எலிங்டனா, மைலியா’ என்று கேட்பது இப்பதிவுகளுக்குப் பொருந்தாது. ஏட்டில் எழுதிய மெட்டே படைப்பு என்ற கொள்கையை விட்டு, இசைத்தட்டில் ஒலிப்பதையே மூலப் பிரதியாகக் கொள்ள வேண்டும். அப்படிக் கொண்டால், 29 வயதில் காசநோய்க்குப் பலியான மைலிக்கு உரிய இடம் கிடைக்கும். கலைஞர்களின் குரல்களைக் கேட்டு அவற்றை அடுக்கிய எலிங்டனின் மேதைமையும் குறையாது. இருவருக்கும் நியாயம் செய்யும் வாசிப்பு இதுவே.